பூசாமல் விட்ட காயம்

கோவையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நான் உதவியாள். படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். மரப்பட்டைகளைக் காயவைத்து, இடித்து, சலித்து, பாட்டிலில் போட்டு மூடுவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கேள்வி கேட்டால் தலையை ஆட்டியே பதில் சொல்லிவிடுகிற ஆள் நான்.

பட்டைகள் நாட்டு மருந்துக் கடையிலிருந்து சாக்கில் வரும். கொட்டிப் பார்த்தால் சில துண்டுகள் மிக அகலமாக இருக்கும். மரத்தைச் சுற்றி முழுசாக உரித்தால்தான் அவ்வளவு அகலம் வரும். அப்படி உரித்த மரம் பிழைக்காது. உலக்கையை எடுப்பதற்கு முன்னால் அந்தத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பேன்.

துறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மேடம் காரமடைக்காரர். வெள்வேலம் பட்டையின் சாயம் துணியில் நன்றாக நிற்கிறது என்று பார்த்து முடித்திருந்தார். அடுத்ததாக அவர் எடுத்துக்கொண்ட கேள்வியை ஒருநாள் என்னிடமும் சொன்னார். மரம் சாகாமல் எவ்வளவு பட்டை எடுக்கலாம்? எடுத்த இடம் தானாக ஆறுமா, சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினால்தான் ஆறுமா? சாக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் கிடந்த கேள்வியும் அதுதான். இது முடியும் வரைக்கும் கூடவே நிற்பது என்று அன்றைக்கே மனசில் வைத்துக்கொண்டேன்.

அதற்கு உயிரோடு நிற்கும் மரங்கள் வேண்டும். வெள்ளகோவில் பக்கம் கொறங்காடுகளில் வெள்வேல மரங்கள் நிறைய. கிளுவை வேலி போட்டு, ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் நிலம் அது. ஆனால் அந்தப் பக்கம் வெளியாள் வந்து வெள்வேலம் பட்டை கேட்டால் சாராயம் காய்ச்சத்தான் என்று நினைப்பார்கள். ஒருவர் அடுப்பு எங்கே வைத்திருக்கிறோம் என்று விசாரித்தார். இன்னொருவர், காலேஜிலேயே காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படலைச் சாத்தினார். மேடம் சிரித்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

கடைசியில் ஒரு அக்கா சம்மதித்தார். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு தனியாகக் காட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொள்பவர். அவர் காட்டிலும் முன்பு யாரோ புகுந்து சுற்றிலும் உரித்ததில் ஒரு மரம் பட்டுப்போயிருந்தது. கோடையில் புல் காய்ந்த பிறகு மாடுகளுக்கு வெள்வேலங்காய்தான் தீனி. அதனால் ஒரு மரம் போனாலும் அவருக்கு அது பெரிய இழப்பு. பட்டை எதற்கு என்று மேடம் பொறுமையாக விளக்கியதும், வேலி மூலையில் இருந்த சில மரங்களைக் காட்டினார். "மரம் காஞ்சு போச்சுன்னா அப்பறம் இந்தப் பக்கம் நீங்க வரவே வேணாங் கண்ணு" என்றார்.

ஐப்பசி மழை விட்டதும் போனோம். ஒவ்வொரு மரத்திலும் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகள், உள்ளங்கை அகலத்துக்கு உரித்தேன். ஒன்றில் பூச்சு பூசினோம். இன்னொன்றைப் பூசாமல் விட்டோம். ஆடு கடிக்காமல் இருக்க முள்ளை வெட்டிச் சுற்றிலும் அணைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றபடி பூசாத இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை நான் மட்டும் போனேன். மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாக் காயங்களிலும் சாணியும் மண்ணும் வழித்துப் பூசியிருந்தது. எங்கள் பூச்சை விட அது நேர்த்தியாக இருந்தது.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை. பாதியை மறந்துபோட்டுப் போய்விட்டீர்கள், பார்க்கப் பொறுக்கவில்லை, நானே பூசிவிட்டேன் என்றார். அங்கே கன்றுக்குக் காயம் என்றாலும் மரத்துக்குக் காயம் என்றாலும் பார்த்துவிட்டுச் சும்மா போகிற வழக்கம் இல்லை. எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இனி ஒன்றும் இல்லை. வேலை அத்தனையும் வீண்.

மேடத்துக்குப் போனில் சொன்னேன். புதிதாக உரித்தால்தான் உண்டு, அதை அந்த அக்காவிடம் இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை அண்ணா, வேறு ஊர் பார்க்கலாம் என்றார். வேறு ஊர் தேடிச் சம்மதம் வாங்குவதற்குள் மரத்தில் ஈரம் போய்விடும், அடுத்த மழை வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிந்துவிடும். கடையிலிருந்து சாக்குகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

நான் பஸ் ஏறவில்லை. திரும்பி நடந்து படலைத் திறந்தேன். வழியெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா முன்னால் நின்றதும் எல்லாம் கலைந்துவிட்டது.

"அக்கா, இன்னொருக்கா உரிக்கோணுங்க. நீங்க பூசக் கூடாதுங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "காயத்தப் பாத்துக்கிட்டே சும்மா இருக்கச் சொல்றீங்களா தம்பி?"

"அது தானா ஆறுதான்னு தெரிஞ்சாத்தானுங்க மத்த ஊர்ல ஒழுங்கா உரிக்கச் சொல்ல முடியும். இல்லீன்னா சுத்தி உரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. நீங்க தனியாப் பாக்க வேணாமுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானும் வாரனுங்க, சேந்தே பாக்கலாம்."

நான் அவ்வளவு நீளமாகப் பேசி என் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. அவர் பட்டுப்போன அந்த மரத்தின் பக்கம் பார்த்தார். "பஸ் கெடைக்கலீன்னு சொல்லீட்டு நின்னுறக் கூடாது" என்றார்.

மேடம் வந்து இடம் குறித்தார். நான் உரித்தேன். அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பஸ்ஸிலேயே போயின. வீட்டில், வெள்ளகோவிலில் யாரைக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். மரத்தை என்று சொன்னேன்.

நான் போகும்போதெல்லாம் அக்கா முள்ளை விலக்கிக் காயத்தைப் பார்ப்பார். "இப்பப் பூசலாமுங்களா?" என்பார். இன்னும் இல்லை என்று தலையை ஆட்டுவேன். மார்கழிப் பனியில் பூசாத காயம் கறுத்து நடுவில் வெடித்தது. ஒரு மரத்தில் பூச்சி துளைத்த தூள் கொட்டிக் கிடந்தது. அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. முள்ளை இழுத்து வைத்துவிட்டு மாடுகளிடம் போய்விட்டார். பஸ்ஸில் எனக்கு அவர் முகமே நினைவில் நின்றது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனேன்.

மாசியில் காயத்தின் இரண்டு ஓரத்திலும் புதுப்பட்டை உதடு மாதிரித் தடித்து உள்ளே உருண்டு வந்தது. பூசிய இடங்களில் வேகமாகவும் சுத்தமாகவும், பூசாத இடங்களில் மெதுவாக, கோணலாக. பூச்சி விழுந்த மரமும் தாங்கிக்கொண்டது. அக்கா அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வருது பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்வேலங்காய் உதிர ஆரம்பித்த சமயத்தில் மேடம் கடைசி அளவை எடுத்து முடித்தார். ஒரு மரமும் காயவில்லை. போனில் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் கை வேர்க்கும். அன்றைக்கு நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"இனிப் பூசிக்கலாமுங்க அக்கா."

"காலைலயே கொழைச்சு வெச்சுட்டேன் தம்பி. நீங்க சொல்லட்டும்னுதான் ஒக்காந்திருக்கறேன்."