பட்டுப் பட்டையின் சந்தை விலை

வாசகரே, சாட்சியாக வந்து நில்லுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆரணியில் எங்கள் கடையில் அன்று நடந்ததைக் கண்டால் போதும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பட்டிமன்ற மேடைகளில் நான் கோப்பைகளை வாரிக்கொண்டிருந்த காலம். அணிவகுப்பில் படைவீரர்கள் இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டுப் பட்டைகளை நெய்து அடுக்கிவிட்டு, ராணுவக் கொள்முதல் அதிகாரிக்காகக் காத்திருந்தார் அப்பா. ஆர்டர் கிடைத்தால் தறிகள் ஓடும். தவறினால் தறிகளை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதாக முடிவு.

வந்த அதிகாரி விதிகளைப் பதிகம்போல ஒப்புவித்தார். "ராணுவத்துக்குன்னே செஞ்ச பொருள்னா டெஸ்ட், டெண்டர், வருஷக்கணக்கா ஆகும். பொதுமக்கள் கடையில வாங்குற பொருள்னா, அவங்க குடுக்குற விலைக்கே நேரா வாங்கிக்குவோம். மக்கள் இதை வாங்கறாங்களா?"

"ஏன் சார் வாங்காம? அள்ளிகினு போறாங்க," என்றார் அப்பா.

"நல்லது. உட்கார்ந்து பார்க்கிறேன்."

நான் கொல்லை வழியாக ஓடிப் பின்வீட்டு அத்தையிடம் விளக்கினேன்: முன்பின் தெரியாதவர்போல் வரவேண்டும், பணம் அப்பாவுடையது, சொன்ன விலையைக் கொடுத்துவிட வேண்டும். அத்தை தலையாட்டினார்.

வந்தார். பட்டையை உதறி வெளிச்சத்தில் பிடித்தார். அப்பா விலை சொன்னார். அதுவரை எல்லாம் ஒத்திகைப்படியே. அடுத்த கணம், வாழ்நாளெல்லாம் கடைத்தெருவில் பழகிய நாக்கு தன் பணியைத் தொடங்கியது.

"இந்தச் சாண் துணிக்கா? புடவையில மிஞ்சின துண்டு மாதிரி கீது. பாதி வெலை போட்டுக் குடுங்க."

"கட்டுப்படி ஆகாதும்மா," என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"அப்போ மடிச்சி வைங்க. நான் படவேட்டுல வாங்கிக்கறேன்."

படவேட்டில் பட்டுப் பட்டை விற்கும் கடை, உலகம் தோன்றிய நாள்முதல் இருந்ததில்லை. ஆயினும் அத்தை படியிறங்கிவிட்டார். அவர் போனால் சந்தையே போய்விடும். அப்பா கூப்பிட்டார், முக்கால் விலைக்கு முடிந்தது. தம் பட்டையைத் தம் பணத்துக்கே தள்ளுபடியில் விற்றார்.

அதிகாரி அவ்விலையைக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். "ஐயா! நெய்தவரின் வியர்வைக்கு..."

"தம்பி, நீங்க பொதுமக்களா?"

"இல்லை, மகன்."

"அப்ப உட்காருங்க."

நிலைமை உறைத்ததும் அத்தை திரும்பி வந்தார். "சார், யோசிச்சிப் பார்த்தேன். முழு வெலையே குடுக்கலாம்."

"வாங்கினவங்களே விலையை ஏத்துற சந்தையை நான் பார்த்ததில்லம்மா," என்று அதிகாரி பேனாவை மூடினார். பிறகு அப்பாவிடம், "இந்தம்மா உள்ள வந்ததும் செட்டப்புன்னுதான் நெனச்சேன். பேரம் பேசுனாங்க பாருங்க, அப்பதான் நம்பினேன்," என்றார்.

அந்த விலை நூலுக்கும் கூலிக்கும் சரியாகப் போனது. அப்பாவுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் கையெழுத்திட்டார். தறி நிற்காது, கம்பெனி பஸ் ஏற வேண்டாம். அடுத்த ஆண்டும் வருவதாகச் சொல்லி அதிகாரியின் ஜீப் கிளம்பியது.

"என்னாலதான் ஆர்டரே கெடச்சிது," என்றார் அத்தை.

அப்பா பட்டைகளை எண்ணி அடுக்கத் தொடங்கினார். நான் வாசலில் இறங்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி உறுதி கூறினேன்: "அடுத்த ஆண்டு அந்த ஜீப் வருவதற்குள், பேரம் பேசாமல் பட்டு வாங்கும் ஒரே ஒரு மனிதரையாவது இந்த ஆரணியில் தேடிப் பிடித்து, இக்கடையில் கொண்டுவந்து நிறுத்துவேன்!"