ஆறு பேரைக் கடற்கரைக்கு அனுப்பிய நாள்

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இரண்டு அறைகள், எட்டுப் பேர். நானும் கணவரும் போக மற்ற ஆறு பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த சொந்தக்காரர். யுத்த காலத்தில் அந்த ஒழுங்கையில் எந்தக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான். குளியலறை வாசல் சண்டையோடுதான் எங்களுக்குப் பொழுது விடியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தத்தெடுக்க மனுப் போட்டோம். பிள்ளை தரலாமா என்று முடிவு செய்ய, வீட்டைப் பார்க்க அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார் என்றார்கள். இந்தச் சந்தைக்கடையைப் பார்த்த பிறகு யார் பிள்ளை தருவார்? அவர் வருகிற அன்று பாய்களைச் சுருட்டி மேல்வீட்டில் ஒளித்தேன். ஆறு பேரையும் கடற்கரைக்குத் துரத்தினேன்.

"பிள்ளை வாறதுக்கு முன்னமே எங்களை வெளியில போடுறாய்," என்று முணுமுணுத்தபடி கணவரின் சித்தப்பா குடையோடு இறங்கினார்.

உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் நன்றாகவே கதைத்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கை கழுவினார், தேநீர் குடித்தார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் இவரும்தான்."

"தத்தெடுத்த பிள்ளைன்னு அதுக்குச் சொல்லுவீங்களா?"

"ஓம், ஓம்."

சொல்லவே கூடாது என்று முதல் நாள்தான் நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். இந்த ஆறு பேரும் விமானம் ஏறிவிட்டால், நான் பெற்ற பிள்ளை இல்லை என்று யாருக்குத் தெரியப் போகிறது?

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பொலிஸ்காரர். அவருக்குப் பின்னால் வரிசையாக ஆறு பேர், குடை உட்பட. தமிழர் கூட்டமாக இருந்து கடலைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற காலம் அது. அவர்கள் எங்கள் வீட்டில் தங்குவதாகப் பொலிஸில் பதிந்து வாங்கிய துண்டுகளோ என் அலுமாரிக்குள். துரத்திய வேகத்தில் கொடுத்துவிட மறந்துவிட்டேன்.

"இவர்கள் உங்கள் வீட்டு ஆட்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இல்லை என்றால் ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஆம் என்றால் என் பிள்ளை போச்சு. சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் குடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் எங்கள் ஆட்கள்," என்றேன் என் அரைகுறைச் சிங்களத்தில். துண்டுகளைப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரர் போனார். நான் கதிரையில் விழுந்து ஓவென்று அழுதேன்.

உத்தியோகத்தர் சிரித்தார். "கை கழுவப் போனப்பவே தெரியும். பல் தீட்டுற பிரஷ் எட்டு இருந்திச்சே." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வீட்டுல ஆள் கூடினா பரவாயில்ல, தூக்கி வைச்சிருக்க ஆள் இருக்கும். ஆனா பிள்ளைக்குப் பொய் சொல்ல வேணாம். எங்கயிருந்து வந்தோம்னு தெரிஞ்சுக்க அதுக்கு உரிமை இருக்கு."

"சொல்லுவன்," என்றேன். இந்த முறை மனதாரச் சொன்னேன்.

சில மாதங்களில் மகள் வந்தாள். வந்த முதல் வாரம் அவளுடைய கால் தரையில் படவில்லை, ஆள் மாறி ஆள் தூக்கினார்கள். கொட்டாஞ்சேனை இல்லத்தைப் பற்றி அவளுக்கு முதலிலிருந்தே சொல்லி வந்தோம். ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடற்கரைக் கதைதான். அது இல்லாமல் ஒரு வாய் சோறு உள்ளே போகாது.

நான்கு வயதில் ஒருநாள், கதையின் நடுவில் கேட்டாள்:

"அம்மா, பொலிஸ் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டிருந்தா?"

"எங்கட ஆள் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"அப்ப நான் இன்னும் வரேல்லையே?"

"வராட்டிலும் நீ எங்கட ஆள்தான்."

அவள் அடுத்த வாய்ச் சோற்றுக்கு வாயைத் திறந்தாள்.