வடைச் சட்டியில் இறங்கிய இரும்பு

லேத் மெஷின் சுத்தத் தொடங்கினால் போதும், மக்டலினின் முகம் மலர்ந்துவிடும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால், முத்தலிப் நானாவின் பட்டறையில் இரும்பு கடைவதுதான் அவளுடைய வேலை. டூலின் முனை சரியான உயரத்தில் பட்டால் சீவல் சுருள்சுருளாய் வந்து விழும். ஆசைப்பட்டு ஆழமாய் வெட்டப் போனால் மெஷினே அலறும். "அவசரக்காரருக்கு இது சரிவராது" என்று சிரிப்பாள். சூட்டோடு அளக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். சூட்டில் இரும்பு விரியும், உள்ளே குடைந்த ஓட்டையும் சேர்ந்து விரியும், ஆறினால் எல்லாம் சுருங்கிவிடும். யாராவது ஆறமுன் அளந்தால் பட்டறை அதிரக் கத்துவாள்.

அப்படிக் கத்துகிறவள்தான் மாதா திருநாளன்று வசமாக மாட்டிக்கொண்டாள்.

அந்த வருசம் மாதா சுரூபத்தைப் போட்டில் ஏற்றிக் கடலைச் சுற்றிவரும் பாக்கியம் சீட்டுக் குலுக்கலில் அவள் புருஷன் பேணாட்டுக்கு விழுந்தது. கல்யாணத்துக்குக்கூட மனிசன் அப்படிச் சந்தோசப்படவில்லை. சாயம் பூசினான், தோரணம் கட்டினான், "என்ர போட், என்ர போட்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். திருநாளன்று மத்தியானம் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், டங்கென்று ஒரு சத்தம். இஞ்சினையும், தண்ணீருக்குள் சுற்றும் விசிறியின் தண்டையும் பூட்டி வைக்கிற கப்ளிங் பிளந்து கிடந்தது. பின்னேரப் பூசை முடியும்போது இஞ்சின் ஓடாவிட்டால் சுரூபம் வேறு போட்டில் ஏறிவிடும்.

"கடையெல்லாம் பூட்டு. என்ன செய்யிறது மக்டலின்?" பேணாட் பிளந்த துண்டுகளைத் தூக்கிக் காட்டினான்.

"நான் என்னத்துக்கு இருக்கிறன்?" என்றவள் தண்டை அளந்துகொண்டு பட்டறைக்கு ஓடினாள்.

"திருநாள் உங்களுக்கு, வேலை எனக்கோ?" என்று பகிடி பண்ணிக்கொண்டே முத்தலிப் நானா கதவைத் திறந்தார். அவள் துண்டு இரும்பைப் பூட்டி, துளைத்து, உள்ளே குடைந்தாள். சூடு தணிக்கத் தண்ணீர் ஊற்றவும் பொறுமையில்லை. அளந்தாள். அச்சொட்டாய் இருந்தது. துணியில் சுற்றிக்கொண்டு நானாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக் கரைக்குப் பறந்தாள்.

கரையில் அது தண்டில் ஏறவே மாட்டேன் என்றது.

"ஐயோ, சூட்டோடயெல்லோ அளந்திட்டன்!"

"எங்களைக் கத்தின வாயா இது?" நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேணாட் சுத்தியலைத் தூக்கினான்.

"அடிச்சால் தண்டு வளையும், கையை எடுங்கோ!" என்று தடுத்தாள். அழுகை வந்தது. திரும்பிப் போய்க் கடைய நேரமில்லை. பூசை தொடங்கக் கோயில் மணி வேறு அடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வடை வாசம் வந்தது. கோயில் மதிலோரம் பேணாட்டின் அக்கா றஜிதா திருநாளுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மக்டலின் அப்படியே நின்றாள். சூட்டில் அளவு சரியாகத்தானே இருந்தது? அப்படியென்றால் இன்னொருமுறை சூடாக்கினால் என்ன?

"மச்சாள், சட்டியை எனக்கு விடுங்கோ!"

"வடைச் சட்டிக்குள்ள இரும்போ? விசரே உனக்கு?"

திட்டத் திட்ட, கழுவித் துடைத்த கப்ளிங்கைக் கம்பியில் கட்டி எண்ணெய்க்குள் இறக்கினாள். நல்லாய்ச் சூடேறியதும் குறட்டால் தூக்கிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்டப் போட்டுக்கு ஓடினாள். இந்தமுறை அது சொல்வழி கேட்கிற பிள்ளைபோலத் தண்டில் போய் இருந்தது. ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. முத்தலிப் நானா முக்கி இழுத்துப் பார்த்தார்.

"இனி இதைக் கழட்ட ஏலாது, தங்கச்சி."

"ஆர் கழட்டச் சொன்னது?"

பூசை முடிந்து சுரூபம் கரைக்கு வந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நடுக்கமில்லை. றஜிதா கருகின வடை ஒன்றை மக்டலினின் கையில் திணித்தாள்.

"இந்தா, உன்ர இரும்பு வடை. நீயே தின்."

மக்டலின் ரசித்துத் தின்றாள். சுரூபமும் கோயில் பாடகர் கூட்டமும் ஏறியபிறகு, பேணாட் குனிந்து கரையில் நின்ற அவளிடம் கையை நீட்டினான்.

"ஏறும் மக்டலின். இது உம்மட போட்."