உச்சிக்குழியில் ஒரு குளிர்ந்த கை

பச்சிளங்குழந்தையின் மூளையில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பது, குழந்தை உறங்கும்போது மட்டுமே செய்யக்கூடிய தொழில். உறங்க இயலாதவர்கள் சூழ்ந்து நிற்கச் செய்ய வேண்டிய தொழிலும் அதுவே.

அன்று ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்: நான், வாரம் ஒருமுறை சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி வரும் குழந்தை மருத்துவர் சந்தானம், செவிலியர் ஜெசிந்தா, கவுஞ்சி என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்த செல்வி, அவள் கணவன் பாண்டி, பாண்டியின் தாய் ராக்கம்மாள், மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட, இன்னும் பெயரிடப்படாத செல்வியின் மகள். ஸ்கேன் எடுப்பது என் பணி. அன்று சந்தானம் தாமே எடுப்பதாகக் கூறினார். அவரும் என் வயதினரே; ஆனாலும் விட்டுக்கொடுத்தேன்.

நீலம்

குழந்தையின் தலையில் எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழியே எங்களுக்குச் சன்னல். அதன் மேல் கருவியை வைத்தால் திரையில் சிவப்பும் நீலமும் தோன்றும். கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு. விலகிச் செல்வது நீலம். அவ்வளவே. இத்தொழிலில் உழல்பவர்களே, இதை எத்தனை குடும்பங்களுக்கு விளக்கியிருப்பீர்கள், எத்தனை பேர் நம்பினார்கள் என்பதை உங்கள் மனச்சாட்சியே அறியும். ராக்கம்மாளுக்கு நான் இருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிங்க டாக்டரம்மா. அந்த நீலத்த மட்டும் வெரசா எடுத்துவிட்ருங்க. பிள்ளைக்குச் சிவப்பே போதும்."

ஓசை

ரத்த ஓட்டத்தைக் கருவி ஓசையாகவும் தரும். இதயம் துடிக்கும்போது ஓசை எழும்; அடுத்த துடிப்பு வரும்வரை மெலிந்தபடி தொடரும். அந்த மெலிந்த ஓசைதான் முக்கியம். இரு துடிப்புகளுக்கு நடுவிலும் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அன்று அது கேட்கவில்லை. துடிப்பு, நிசப்தம், துடிப்பு, நிசப்தம். "நடுவில் ஓட்டம் நின்றுவிடுகிறது. உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும்," என்றார் சந்தானம். பூண்டு பயிரிடும் பாண்டி திரையை முறைத்துப் பார்த்தான்.

"எங்க மோட்டாரும் காத்துப் புடிச்சா இப்பிடித்தாங்க விட்டு விட்டு எறைக்கும். அதுக்காக மோட்டாரத் தூக்கிக்கிட்டு மதுரைக்கா ஓடுறோம்?"

இறக்கம்

மூளை மோட்டார் அன்று. அதை அவனுக்குத் தெளிவாகவே கூறினேன். முடிவு அன்று அந்த நிசப்தத்தைப் பொறுத்தே இருந்தது. அது உண்மையானால் குழந்தை மலையிறங்கியே ஆக வேண்டும். பொய்யானால், உள்ளங்கையளவு உடம்பை அத்தனை வளைவுகளிலும் குளிரிலும் கொண்டுசெல்வதே அதன் உயிருக்கு ஆபத்து. ஜெசிந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள். செல்வி வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. மகளைச் சுற்றியிருந்த துணியின் நுனியை மட்டும் பற்றிக்கொண்டாள். மருமகளுக்காக ராக்கம்மாளே பேசினார்:

"இவளோட மூத்த பிள்ளையும் இதே ரோட்டுலதாங்க போனான். அடிவாரத்துல வத்தலக்குண்டு வரைக்கும்கூடத் தாங்கல."

கை

சந்தானம் கருவியை எடுத்தபோது கவனித்தேன். தடவிய ஜெல் முழுவதும் ஓரங்களில் பிதுங்கிக் கிடந்தது. உச்சிக்குழியில் கருவி விளிம்பின் தடம் பதிந்திருந்தது. மீண்டும் அளக்க வேண்டும் என்றேன்.

"என் கண்ணைச் சந்தேகப்படுகிறீர்களா?"

"கண்ணை அல்ல, டாக்டர். கையை."

பேருந்து நிலையத்திலிருந்து மூடுபனியில் நடந்து வந்தவர், வந்ததும் நேராகக் கருவியைப் பிடித்திருந்தார். விரல்கள் விறைத்திருந்தன. விறைத்த விரலுக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. உச்சிக்குழியை அழுத்தினால் அந்த மெலிந்த ஓட்டம் தடைபடும். நோயை நாமே உண்டாக்கி நாமே கண்டுபிடிப்போம்.

ஜெசிந்தா கொண்டுவந்த வெந்நீரில் ஜெல் புட்டியை நிறுத்தினேன், கைகளையும் சூடேற்றிக்கொண்டேன். இதற்குள் குழந்தை விழித்து அழுதது. அழுகையிலும் அளவு கெடும். காத்திருந்தோம். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. அதையும் காக்க வைத்தோம். குழந்தை உறங்கியதும், ஜெல் மட்டுமே தோலைத் தொடுமாறு கருவியைப் பிடித்தேன். துடிப்பு, அதன்பின் மெலிந்த, அறாத ஓசை. கருவியைச் சற்று நகர்த்தி மீண்டும் அளந்தேன். அதே ஓசை.

சந்தானம் வெந்நீரில் கைகளை நனைத்துத் துடைத்துவிட்டு, தாமே அளந்தார். அவருக்கும் அதுவே கேட்டது. ஆம்புலன்ஸைத் தாமே போய்த் திருப்பியனுப்பினார் என்பதை நியாயத்துக்காகப் பதிவுசெய்கிறேன். திரும்பி வந்தவரிடம் ஜெசிந்தா சொன்னாள்:

"அடுத்த வாரம் மேல வரும்போது கையையும் கொண்டுவாங்க டாக்டர். பாதி வழியிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

விளக்கம்

பாண்டி சுவரில் சாய்ந்தான். ராக்கம்மாள் பழனி இருக்கும் திசையெனத் தாம் நம்பிய சன்னலை நோக்கிக் கும்பிட்டார். குறைமாதக் குழந்தையை இன்னும் சில வாரங்கள் கண்காணிக்க வேண்டும் என்பதைத் தாய்க்கு உணர்த்துவது என் கடமை, ஆகவே தொடங்கினேன்.

மூளையின் ரத்த ஓட்டம் குறித்து நான் இதுவரை அளித்த விளக்கங்களிலேயே தெளிவானது பாதியை எட்டியிருந்தபோது, செல்வி முந்தானையால் மகளின் உச்சியைத் துடைத்து, அவளைச் சால்வைக்குள் பொதிந்துகொண்டு, வார்டை நோக்கி வெளியேறினாள்.