கீழே காட்டிய அம்பு

காலை பத்து நாற்பது. பட்டினச்சேரியில் வலை பின்னும் கூடத்தில் மகள் புரொஜெக்டர் வயரைச் செருகினாள். முந்தைய நாள் காட்டிய ஸ்லைடே சுவரில் விழுந்தது. கருநீலப் பின்னணியில் நம் கடற்கரையின் வரைபடம், தெற்கு நோக்கி இறங்கும் மஞ்சள் அம்பு, கொட்டை எழுத்தில் மூன்றே சொற்கள்: ‘பலத்த காற்று கீழே.’ முன்வரிசையில் படகு முதலாளியான சம்மாட்டியின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் மனைவியிடம் கேட்டேன். “அவங்க விடியக்காலயே படக எடுத்துட்டுப் போயிட்டாங்க. காத்து கீழதான, நாம கரையோரமா தெக்க போயிட்டு வந்துரலாம்னாங்க” என்றார்.

நான் சுவரை மறுபடி பார்த்தேன். அம்பு காட்டியது தெற்கை. அவர்கள் வாசித்தது கிழக்கை. அவர்களுக்குக் கீழ என்றால் கிழக்கு, ஆழ்கடல் பக்கம். காற்று ஆழத்துக்குப் போகிறது என்று நம்பி, அது இறங்குகிற தெற்குக்கே சம்மாட்டியும் இன்னும் மூன்று பேரும் போயிருந்தார்கள்.

அந்தச் சொல் என்னுடையது. கல்லூரித் திட்டப்பணிக்காக மீனவர்களுக்கு வானிலைப் படங்களை விளக்கும் பொறுப்பு மகளுக்கு. விளக்கம் தொடங்கிய முதல் நாளில் அவள் ஸ்லைடில் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து அமர்ந்தன. “பாப்பா, ஒன் எழுத்து வந்து ஒக்கார்றதுக்குள்ள நாங்க மீனப் புடிச்சுட்டுக் கரைக்கே வந்துருவோம்” என்றார் சம்மாட்டி. கூடமே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் புதிய முறைகளைத் தேடிப் படித்தாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரே செய்தி, கடைசி வரிசைக்கும் தெரிகிற எழுத்து, குறைந்த சொற்கள். ‘தெற்கு நோக்கி நகரும்’ என்று அவள் எழுதியதை, இடம் அடைக்கிறதே என்று, ‘கீழே’ என்று சுருக்கியவள் நான். தலத்தெருவுக்குக் குடிவருமுன் கீழத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். ஊரின் கிழக்கே இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று தெரியாதவளும் இல்லை. திரையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

கூடத்தில் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் படகைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. மகள் புரொஜெக்டரை அணைக்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான் வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தேன். “ஒக்காருங்கக்கா, நீங்க நடக்குற நடையில தரை தேஞ்சிரும்” என்றார் சம்மாட்டியின் மனைவி. அவர் கண் மட்டும் கடலை விட்டு அசையவில்லை. உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன்; சொல்லவில்லை. இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். காற்று பலமாக அடித்தால் இன்றும் எனக்கு முதலில் தெரிவது அந்த மஞ்சள் அம்புதான்.

அன்று மாலை மூன்றரை மணிக்குப் படகு வந்தது. வலை இல்லை. ஒருவருக்குத் தோள் வீங்கியிருந்தது. நால்வரும் இருந்தார்கள். சம்மாட்டி நனைந்த உடம்போடு நேராகக் கூடத்துக்குள் வந்தார். “கீழேன்னு மாத்துனது நான்தாங்க, எம் பொண்ணு இல்ல” என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு, வரைபடத்தில் வலப்பக்கம் இருந்த கடல் மேலே வருகிற மாதிரி, கழுத்தை வலப்பக்கமாக நன்றாகச் சாய்த்து அந்த அம்பைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கடல முன்னாடி வச்சுப் போடு பாப்பா” என்றார் மகளிடம். “நாங்க கரையில நின்னுதான பாக்குறோம். தெக்கங்கிறது எங்களுக்குச் சோத்தாங்கைப் பக்கம்.”