கிழியாத கையுறை

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'தொட்டுப்பார்'. வண்டியில் கோளாறு என்றால் மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்கள், கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள், புதிதாக வந்த கம்ப்யூட்டரை மாட்டி அதன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் விரலை வைப்பார். பிரேக் தட்டில் மயிரிழையாக ஓடும் கீறலும் பேரிங்குக்குள் தேய்ந்துபோன ஒற்றை உருளையும் அவர் விரல்நுனிக்குத் தப்பியதில்லை. "தொட்டுப் பாரு, தெரியும்" என்பார். தொட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தெரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள்.

முப்பது வருஷம் ஆயிலிலும் பெட்ரோலிலும் முங்கிக் குளித்த கைகள், பொறுத்தது போதும் என்று ஒரு நாள் முரண்டு பிடித்தன. விரலிடுக்கில் தோல் வெடித்தது. நுனிகள் மரத்துச் செருப்புத் தோலாயின. நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிட்டார். போன வண்டி அதே சத்தத்தோடு சாயங்காலமே திரும்பி வந்தது.

அவரைவிடப் பத்து வயது சின்னவரான முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். "ஒரு மாசம் பாப்போம்ணே. கை சரியாகலன்னா முன்னாடி மேஜையில உக்காந்து, வர்ற வண்டிக்குச் சீட்டு எழுதுங்க. அங்க ஃபேன் இருக்கு."

ஃபேன் இருக்கு என்றதுதான் அவரைத் தைத்தது.

தோல் டாக்டர் ஒரு களிம்பும் ஒரு கட்டளையும் கொடுத்தார். வெறுங்கை எண்ணெயில் படக் கூடாது. போட்டுக் கழற்றி எறிகிற கையுறைதான் மாட்ட வேண்டும். பட்டறை முழுவதற்கும் சேர்த்து உறையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி அவரிடமே விட்டார். வேறு யார் வாங்கினாலும் அவர் குறை சொல்வார் என்பது முதலாளிக்குத் தெரியும்.

மூன்று நாள் தேர்வு நடந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் மாட்டுகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை முதல் நட்டிலேயே உயிரை விட்டது. ஆஸ்பத்திரி வெள்ளை ரப்பரைப் பெட்ரோலில் அரை மணி நேரம் ஊறப் போட்டார். அது வீங்கி, யானைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வெளியே வந்தது. கடைசியில் எண்ணெய்க்கு அசையாத நைட்ரில் ரப்பரில் செய்த கறுப்பு உறை தேறியது. தடிமன், நுனியில் சொரசொரப்பு, ஸ்பேனர் வழுக்காத பிடி. அதையும் சும்மா விடவில்லை. வாயில் வைத்து ஊதி, மணிக்கட்டுப் பக்கம் முறுக்கிப் பிடித்து, கன்னத்தோடு ஒட்டி வைத்துக் காற்று கசிகிறதா என்று பார்த்தார். காற்று நின்றால் கையில், போனால் குப்பையில். இதுதான் அவர் போட்ட சட்டம்.

பக்கத்தில் டிங்கர் ஒரு கார்க் கதவின் நசுங்கலைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். "பொண்ணு பாக்கப் போனப்பகூட நீங்க இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்கண்ணே."

"அப்ப பாக்க விடலப்பா" என்றார்.

மற்றவர்கள் காலையில் மாட்டியதை மத்தியானமே கழற்றி எறிந்தார்கள். குப்பைத் தொட்டி நிறையக் கறுப்புக் கைகள் கிடந்தன. அவருக்கு மனசு வரவில்லை. வீட்டில் பழைய வாஷர்களைக்கூட அளவுவாரியாக ஜாம் பாட்டிலில் சேர்த்து வைக்கிற மனிதர். 'ஒரு முறை மட்டும்' என்று பெட்டியில் அச்சடித்திருந்ததை, செய்தவனின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் உறையை உள்வெளியாகப் புரட்டி, பெட்ரோலில் அலசி, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் காயப்போட்டார். ஒரு ஜோடி ஒன்பது நாள் உழைத்தது. அதை முதலாளியிடம் தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோலச் சொன்னார்.

கை மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. களிம்பு போலி என்றார். மாதத்தில் பாதி ஓடிவிட்டது.

அவர் மனைவி முன்னறையில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவள். ஒரு நாள் துணி எடுக்கப் போனவள், தன் புடவைக்குப் பக்கத்தில் யாரையோ வழியனுப்புவதுபோல ஆடிக்கொண்டிருந்த இரண்டு கறுப்புக் கைகளைப் பார்த்தாள். எடுத்து உள்பக்கம் முகர்ந்தாள். விஷயம் புரிந்தது.

"நாள் பூரா பெட்ரோலுக்குள்ளயே கையை ஊறப் போடுறீங்களே, அது என்ன கையா, அழுக்குத் துணியா?"

"கிழியாததை எப்படிம்மா எறியறது?" என்றார், நியாயம் தன் பக்கம் இருப்பவரின் நிதானத்தோடு.

வளைந்துபோன ஒரு ஸ்பேனரை வீட்டைவிட்டு வெளியேற்ற இருபத்தேழு வருஷமாக முயன்று தோற்றவள் அவள்.

மறுநாள் காலை பட்டறையில் உறையை ஊதிப் பார்த்தார். கட்டைவிரலடியில் காற்று கசிந்தது. சட்டம் சட்டம்தான், தொட்டியில் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கம்பெனியைத் திட்டினார், வேறு கம்பெனிக்கு மாறினார், அதுவும் ஒரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. உலகத்தில் தரம் என்பதே போய்விட்டதாக டிங்கரிடம் தினமும் அரை மணி நேரம் புலம்பினார். இதற்கிடையில் விரலிடுக்கு ஆறியது, புதுத்தோல் வந்தது. களிம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும்போல என்று டாக்டரை மன்னித்தார்.

மாசக் கடைசியில், சக்கரத்தில் முனகலோடு ஒரு வண்டி வந்தது. முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். தொட்டுப்பார் பேரிங்கைக் கழற்றித் துடைத்து, உறையை உருவிவிட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்த உருளை." உடைத்துப் பார்த்தபோது அதுவேதான். முன் மேஜை நாற்காலியை டிங்கர் தன் சாப்பாட்டுப் பையை வைக்க எடுத்துக்கொண்டான்.

விரல் திரும்பி வந்த சந்தோஷத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தவர், காலையில் எறிந்த உறையையும் தொட்டியிலிருந்து எடுத்துத் தடவினார். கட்டைவிரலடியில் விரல் நின்றது. கிழிசல் என்றால் ஓரம் பிசிறடிக்கும். இது வட்டமாக இருந்தது. நேர் எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒன்று. இருக்கை உறை தைக்கிற பதினெட்டாம் நம்பர் ஊசியை அவர்தான் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மனைவி நூல் கோக்க மிஷினை நிறுத்தியிருந்தாள். அவர் ஊசிமுனையில் விரல் வைத்தார்.

"மொனை மழுங்கியிருக்கு. மாத்திடு."

அவள் நிமிரவில்லை. "மாத்துறேன். நாளையிலேர்ந்து நீங்களே எறிஞ்சிடுவீங்களா?"

அவர் பையிலிருந்து அன்றைய உறைகளை எடுத்தார். ஒரு கீறல் இல்லை. அருமையான உறை. சமையலறைக் குப்பைக்கூடைவரை நடந்துபோய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மிஷின் பலகைமேல் அவற்றை வைத்தார்.

"என்னால ஆகாது. நீயே குத்திடு" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.