நூற்றுப் பதினோராம் எண் வீடு

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தேன், தமிழ் வழியில். முதல் வருஷமே புள்ளியியல் என்று ஒரு தாள் இருந்தது. பலமுறை எழுதியும் பரீட்சையில் அந்தத் தாள் தேறவில்லை, அதனால் பட்டமும் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் அந்தப் பாடத்தில் நடந்தது. சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவிக்கிறேன், தீர்த்தம் வாங்குகிறேன், சடாரிக்குத் தலை குனிகிறேன். அவரிடம்கூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே மூன்று மைல். அந்த வருஷம் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் சேரியிலிருந்து வந்தவன். பஞ்சாயத்துப் பலகையில் காலனி என்று எழுதியிருக்கும், பேச்சில் சேரிதான். சத்திரம் வரைக்கும் நான் சைக்கிளில் வருவேன், அவன் நடந்து வருவான். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு, வகுப்பில் ஒரே பெஞ்சு. கணக்கில் அவன் கெட்டிக்காரன். என் நோட்டை எட்டிப் பார்ப்பான்.

"இன்னாபா, இடைநிலைக்குப் போயி கூட்டி வகுத்து வெச்சிகிற? எல்லாரையும் உயரப்படி நிக்க வெச்சி நடுவுல கீறவன தொடு. அவ்ளோதான்."

சாயங்காலம் சத்திரத்தில் இறங்கியதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவேன். பின்னால் ஏறிக்கொள்ளட்டுமா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஏறு என்றதில்லை. வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே எடுத்ததில்லை.

ஒருநாள் சார் பலகையில் 'சமவாய்ப்பு' என்று பெரிதாக எழுதினார்.

"ஊர் முழுக்கப் போய்க் கேக்க முடியாது. பத்து வீடு கேட்டாப் போதும். ஆனா அந்தப் பத்த நீ பொறுக்கக் கூடாது. உனக்குப் பிடிச்ச வீடு, காபி குடுக்கிற வீடு, அதெல்லாம் ஆகாது. எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. சமவாய்ப்பு எண் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அது எந்த எண்ணச் சொல்லுதோ அங்க போய் நிக்கணும்."

அவரவர் ஊரில் பத்து வீடு. வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை வருஷம் படித்தார்கள் என்று கேட்டு எழுதி, சராசரி எடுக்க வேண்டும். இருபது மதிப்பெண். எங்கள் இருவருக்கும் ஒரே ஊர் என்பதால் சேர்ந்து ஒரே கணக்கு, ஒரே மதிப்பெண் என்றார்.

கொசு மருந்து அடிக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவியால் எண் எழுதிவிட்டுப் போவார்கள். ஊரில் தொண்ணூற்றிரண்டு வரை, சேரியில் அதற்கு மேல் நூற்று முப்பது வரை. சார் அட்டவணையில் கண்ணை மூடிப் பென்சிலை வைத்து எண்களை எடுத்தார். ஊரில் ஆறு வீடு விழுந்தது, அதில் முப்பத்தேழு எங்கள் வீடு. சேரியில் நான்கு. அதில் நூற்றுப் பதினொன்று என்று சார் படித்தபோது அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"சார், எங்க பக்கம் நான் பாத்துக்கறேன். அவங்க பக்கம் அவன் பாத்துக்குவான்" என்றேன்.

"வேணாம். தெரிஞ்ச வீடுன்னா கேக்காமலே எழுதிடுவீங்க. மாத்திக்குங்க. நீ அங்க போ, அவன் இங்க வரட்டும்."

சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. அவன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு "சரி சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். ஏரி மதகுக்கிட்டே சேரிக்கு வழி பிரிகிறது. அங்கேயே சைக்கிளை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குப் பயந்து என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் பாதிதான். அவர்கள் வாசலில் போய் நின்று, அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வதா என்ற நினைப்பு மீதிப் பாதி. கரையில் உட்கார்ந்து நான்கு தாளையும் நானே நிரப்பினேன். ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒரு வீட்டில் ஆறு பேர் என்று ஆட்களை மாற்றி மாற்றிப் போட யோசித்தேன். படிப்புக்கு யோசிக்கவே இல்லை. எல்லாருக்கும் பூஜ்யம். கை தானாக எழுதிக்கொண்டு போனது.

அன்று அவன் ஊருக்குள் வந்திருந்தான். சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"சேரிக்காரப் பையன் ஒருத்தன் நோட்டு எடுத்துக்கினு வந்து, வூட்ல எத்தினி பேருன்றான். நெலத்தப் புடுங்கக் கணக்கு எடுக்கறானுங்களோ இன்னாவோ. போடான்னு தொரத்திவுட்டேன்."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை சார் எங்கள் தாள்களை விரித்தார். அவனுடைய ஆறில் இரண்டுதான் நிரம்பியிருந்தன. மற்ற நான்கில், போன நேரத்தைக் குறித்து 'பதில் தரவில்லை' என்று எழுதியிருந்தான்.

"நாலு வீடு காலி. சோம்பேறித்தனமா? இவனப் பாரு, எல்லாம் முழுசா கொண்டாந்திருக்கான்."

"போனேன் சார். கேட்டேன். சொல்லல."

"ஏன் சொல்லல?"

அவன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியல சார்."

பின்னாலிருந்து ஒருவன், "தாம்பூலம் வெச்சி அழைச்சாதான் போவாரு போல" என்றான். வகுப்பே சிரித்தது. காரணம் தெரிந்தவன் அந்த வகுப்பில் நான் ஒருவன்தான்.

சார் என் தாள்களைப் பலகையில் எழுதத் தொடங்கினார். "நூத்திப் பதினொண்ணு. ஆறு பேர். ஆறு பேருக்கும் பூஜ்யம்."

உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "சார், நூத்திப் பதினொண்ணு எங்க வூடு சார்."

"அப்ப நீ யாருடா?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. சாக்பீஸோடு என் பக்கம் திரும்பினார்.

"போனியா?"

"போனேன் சார். வூடு பூட்டிக் கெடந்துது. பக்கத்துல கேட்டு எழுதினேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சார் பக்கம் திரும்பி, "இருக்கும் சார். எல்லாரும் நடவுக்குப் போயிருப்பாங்க" என்றான்.

என்னை அந்த ஒரு தாளை மட்டும் திருத்தச் சொன்னார் சார். அவனை நான்கு வீட்டுக்கும் மறுபடி போகச் சொன்னார். இந்தத் தடவையும் காலியாக வந்தால் இரண்டு பேருக்கும் மதிப்பெண் கிடையாது என்றார்.

பஸ் பாதி வழி வந்தது. பிறகு அவன், கணக்கில் தப்பைக் காட்டுகிற அதே குரலில் சொன்னான்:

"எங்க வூட்டுக்குப் பூட்டே கெடையாதுபா."

நான் போகவில்லை, எல்லாம் பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "வர ஞாயித்துக்கெழம நீ எங்க வூட்டுக்கு வரும்போது நான் வெளிய வரேன். அப்பாகிட்ட நான் சொல்றேன், எங்கூட படிக்கிறவன்னு. மத்த வூட்டுக்கும் கூட வரேன்" என்றேன்.

"வருவியா?"

"சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அன்றைக்கு அப்பா மாடு பார்க்க மண்ணூருக்குப் போயிருந்தார். எனக்கு இருந்த சாக்கும் இல்லாமல் போனது. அம்மா வாசலில் காயப்போட்ட கேழ்வரகைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே ஜன்னலோரம் நின்றேன். செருப்பைக் கழற்றி நோட்டோடு சேர்த்துக் கையில் பிடித்தபடி, அவன் தெருவிலேயே நின்றான். காலேஜில் அந்தச் செருப்பை அவன் கழற்றி நான் பார்த்ததில்லை.

"அம்மா, காலேஜில ஒரு கணக்கு குடுத்திருக்காங்க. வூட்ல எத்தினி பேருன்னு சொல்லணும்."

"எதுக்கு, அரிசிக் கார்டுக்கா?"

"இல்லம்மா, பாடத்துக்கு."

அம்மா ஏதோ நல்ல மனநிலையில் இருந்தார்கள். "நாலு பேரு."

"யார் யாரு எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

"அவுரு அஞ்சாவது. எனக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு எட்டாவது. புள்ள காஞ்சிவரத்துல பி.ஏ. படிக்கிறான். அதெல்லாம் பெரிய படிப்பு, சொன்னா உனக்கு வெளங்காது."

அவன் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். நான் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. கதவு எனக்கு நான்கடி தூரத்தில் இருந்தது.

"எத்தினி வருஷம் படிச்சிருக்காரும்மா உங்க புள்ள?"

"டேய், எத்தினி வருஷம்டா?" என்று அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். அவன் கொஞ்சம் காத்திருந்தான்.

"ஸ்கூலு பதினொண்ணு, பியூசி ஒண்ணு. பன்னெண்டுன்னு போட்டுக்கறேம்மா" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அம்மா உள்ளே வந்தார்கள். "உம் படிப்ப அப்படியே சொல்றானே. உனக்குத் தெரிஞ்சவனாடா?"

"இல்லம்மா" என்றேன்.

மறுநாள் வகுப்பில் சார் வருவதற்கு முன் அவன் ஒரு காகிதத்தை என் நோட்டின் மேல் வைத்தான். சேரி வீடுகள் நான்குக்கும் விவரம் அதில் இருந்தது.

"உன் கையெழுத்துல எழுதிக்க. இதுவும் தப்பாப் போனா எனக்கும் சேத்து மார்க் போயிடும்" என்று சொல்லிவிட்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரவே இல்லை. பஸ்ஸிலும் இல்லை.

நான் எழுதிக்கொண்டேன். இருபதுக்குப் பதினெட்டு போட்டார் சார். நூற்றுப் பதினொன்றில் ஏழு பேர் இருந்தார்கள். அவன் அக்கா ஆறு வருஷம் படித்திருந்தாள், தம்பி மூன்று. அவனுக்கு நேரே பன்னிரண்டு.